பை அட்டைக்கு அடியில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, பொடிசு, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். ‘நல்லா இருக்கேன்மா, மூணு வேளையும் சாப்பிடறேன்’ என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அதை நான் பாதிதான் நம்பினேன். நான் கேட்கவே இல்லையே, நீயாக எதற்கு மூன்று வேளை என்று எண்ணிச் சொல்கிறாய்? கேட்காமலே பையைத் திறந்து காட்டுகிறவர்களைத்தான் நான் ஃபேக்டரி கேட்டில் ஓரமாக நிறுத்தி இன்னொரு தரம் பார்ப்பேன். கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து வேறு கீழே கீழே சரிந்திருக்கிறது. சரி, அதற்குப் பிறகு வருகிறேன். இது நீளமான கடிதம். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே, வீட்டுக்கு வந்து கைகால் கழுவி உட்கார்ந்து படி. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். இந்த வீட்டில் போனைக் கையில் எடுத்தாலே கதவுக்குப் பின்னால் ஒரு ஜோடிச் சின்னக் காது வந்து நின்றுவிடுகிறது, அது ஒன்று. வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீ அங்கே தனியாக உட்கார்ந்து பயந்துபோவாய், அது இன்னொன்று. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் உன் தங்கையைப் பற்றி. உனக்குக் கொஞ்சம் தெரியும், எவ்வளவு தெரியும் என்பதும் இப்போது எனக்குத் தெரியும், அதுவும் வரும். இரண்டாம் வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாவாடையில் பின்பக்கம் ஈரம். படுக்கையில் கிடையாது, அதெல்லாம் மூன்று வயதிலேயே நின்றுபோயிற்று. பட்டப்பகலில், முழித்துக்கொண்டிருக்கும்போது. முதல் நாள் தண்ணீர் பாட்டில் கொட்டிவிட்டது என்றாள். அடுத்த நாள் பெஞ்சில் யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள் என்றாள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றாள். எனக்கு முதலில் டீச்சர்மேல்தான் சந்தேகம், எழுந்து கேட்டால் விடமாட்டாளாக இருக்கும், பிள்ளை பயந்து அடக்குகிறது என்று நினைத்தேன். அப்புறம் பள்ளிக்கூடத்து டாய்லெட்டுக்குத் தாழ்ப்பாள் இருக்காது என்று நினைத்தேன். அப்புறம் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைமேல், அது முகமே சரியில்லை. அப்புறம் அப்பாமேல், ஏனென்றால் கண்ணாடிக் கடையிலிருந்து வரும்போது ஒளித்து ஜூஸ் வாங்கி வந்து ஊற்றிக் கொடுக்கிறவர் அவர்தான். எல்லாரையும் சுற்றிவிட்டுக் கடைசியில் பொடிசுமேலேயே வந்து நின்றேன். விளையாட்டு மும்முரத்தில் எழுந்து போகச் சோம்பல், வேறு ஒன்றுமில்லை, கொழுப்பு என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

நம் வீட்டு வாசல் வழக்கம் உனக்குப் புதிதா. ஷிஃப்ட் முடிந்து வெளியே போகிற நானூறு தையல்காரப் பெண்களை ஒவ்வொருத்தியாகத் தடவி, ஜிப்போ பட்டனோ குழந்தைச் சட்டையோ ஒளித்துக்கொண்டு போகிறாளா என்று பார்க்கிற இந்த வேலையில் நான் சேர்ந்தபோது உனக்கு ஆறு வயது. ஒருத்திக்கு நாலு வினாடி, அதற்குள் தோளிலிருந்து முழங்கால்வரை கை போய் வந்துவிட வேண்டும். கை பழகவில்லை என்று சூப்பர்வைசர் திட்டினார் என்பதற்காக முதல் வாரம் உன்னை வாசற்படியில் நிற்க வைத்துத்தான் பழகினேன். நீ கையைத் தூக்கிக்கொண்டு கூச்சத்தில் நெளிந்து சிரித்தாய். அதிலிருந்து நம் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் ஒரு தடவல், ‘செக்கிங் ஆச்சு, உள்ளே போ’ என்று முதுகில் ஒரு தட்டு. அப்பாவுக்கு சிகரெட்டுக்காக, உனக்கும் பொடிசுக்கும் சும்மா, பாசத்துக்காக என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஈரம் என்று தெரிந்த பிறகு அந்தக் கை பாசக் கையாகவா இருக்கும்? ஆறிலிருந்து இரண்டு மணி ஷிஃப்டை முடித்து அவசர அவசரமாக வீட்டுக்கு வந்து, மூன்றரைக்கு அவள் தெருமுனை திரும்பும்போதே வாசலில் நிற்பேன். ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே பாவாடையின் பின்பக்கம் என் உள்ளங்கை. ஈரமாக இருந்தால் திட்டு, அன்றைக்கு டிவி கிடையாது. போதாக்குறைக்கு, உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று கணக்குப் போட்டு, பாட்டிலில் பாதித் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பினேன். இரண்டே வாரம். பாவாடை காய்ந்துவிட்டது. தினமும் காய்ந்த பாவாடை. அப்பாவிடம் போய்ப் பெருமை பீற்றிக்கொண்டேன், பார்த்தீங்களா, டாக்டரும் வேண்டாம் மருந்தும் வேண்டாம், என் கை ஒன்று போதும் என்று. அவர் கண்ணாடித் தூள் ஒட்டின கையைக் கழுவிக்கொண்டே ஒன்றும் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தால் எனக்கு எப்போதுமே சந்தேகம்தான், ஆனால் அன்றைக்கு விட்டுவிட்டேன்.

அப்புறம் டீச்சரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. உங்கள் மகள் வகுப்பில் தினமும் நனைந்துபோகிறாள், மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள், கடைசி பெஞ்சில் தனியாக இருக்கிறாள், தயவுசெய்து குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள் என்று. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. தினமும் என் கையால் தொட்டுப் பார்க்கிறேன், காய்ந்திருக்கிறது, இந்த டீச்சரோ பிள்ளை நனைகிறாள் என்கிறாள். ரெண்டில் ஒன்று பொய். பதினேழு வருஷம் பொய்யைத் தடவிப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் நான், என் கையா பொய் சொல்லும்? டீச்சர்தான் என் பிள்ளையை ஓரங்கட்டப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் விடியற்காலையில் நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதே பொடிசு வயிறு வலிக்கிறது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். படிப்பென்றால் ஓடுகிற பிள்ளை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அப்பா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார், நீ வர்றியா, நான் மட்டும் கூட்டிட்டுப் போகட்டுமா என்றார். லீவு சொல்லிவிட்டு நானும் போனேன்.

டாக்டரம்மா சின்னப் பெண், உன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள், முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். நாங்கள் ஒண்ணுக்குப் போகிற விஷயமாக வந்திருக்கிறோம், அவள் ரெண்டுக்குப் போவதைப் பற்றி விழுந்து விழுந்து கேட்கிறாள். எத்தனை நாளுக்கு ஒரு தரம், கெட்டியா, வலிக்கிறதா என்று. இவளுக்கு விஷயம் தெரியவில்லை, பேச்சை மாற்றுகிறாள் என்று அப்பாவின் முழங்கையை இடித்தேன். மூன்று நாளுக்கு ஒரு தரம் என்று பொடிசு மெதுவாகச் சொன்னபோதுதான் அது எனக்கே தெரியாது என்று உறைத்தது. மூத்திரத்தைப் பரிசோதித்தார்கள், கிருமி இல்லை. வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். மலக்குடல் கெட்டியாக அடைத்துக்கொண்டு மூத்திரப் பையை நெருக்குகிறதாம். ரெண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் மாதிரி, ஒன்று பெருத்து இடித்தால் இன்னொன்றுக்கு இடமில்லை, கொஞ்சம் நிறைந்தாலே சொட்டிவிடும் என்றாள். அதோடு இவள் காலைப் பின்னி அடக்கி அடக்கி, பைக்கு எப்போது இறுக வேண்டும் எப்போது விட வேண்டும் என்பதே மறந்துபோயிருக்கிறதாம். இப்படியே அடக்கினால் கிருமி சேர்ந்து மேலே ஏறி கிட்னிவரைக்கும் போகலாம் என்றாள். அப்புறம் இன்னொன்று கேட்டாள், குடும்பத்தில் வேறு யாருக்காவது சின்ன வயதில் இப்படி இருந்ததா என்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன், எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாது, பெரியவ சுத்தத்துல பேர் வாங்கினவ, எட்டு வயசுலயே அவ துணியை அவளே துவைச்சுப்பா என்று. டாக்டரம்மா ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டாள்.

வைத்தியம் என்ன என்று கேட்டால் சிரிப்பாய், நான் மாத்திரை ஊசி என்று நினைத்துப் போயிருந்தேன். முதலில் மலச்சிக்கலைத் தீர்க்க ஒரு பவுடர், காலையில் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும், பகல் முழுக்கப் பிரித்து ஆறு டம்ளர். குறைத்தால் மூத்திரம் கெட்டியாகிப் பையை எரிச்சல் பண்ணி இன்னும் அதிகமாகச் சொட்டுமாம். அவள் அதைச் சொன்னபோது நான் செவிடு மாதிரி சுவரைப் பார்த்தேன். வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு மணிக்கு ஒரு தரம் போய் உட்கார வேண்டும், பள்ளிக்கூடத்திலும். கால் தொங்கக் கூடாது, பலகைமேல் ஊன்றி, முட்டியை அகட்டி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அவசரமில்லாமல். முடிந்ததும் எழுந்துவிடாமல் இருபதுவரை எண்ணி இன்னொரு தரம் முயற்சி பண்ண வேண்டும். இரண்டு வாரத்துக்கு எவ்வளவு குடித்தாள், எவ்வளவு போனாள் என்று அளந்து நோட்டில் எழுத வேண்டும். திட்டக் கூடாது, தண்டனை கூடாது, வேண்டுமானால் நட்சத்திரம் ஒட்டலாம். நனையாத நாளுக்கு நட்சத்திரம் ஒட்டட்டுமா என்று கேட்டேன். “நனையறது அவ கையில இல்லம்மா. போய் உட்கார்றதுதான் அவ கையில இருக்கு. அதுக்கு ஒட்டுங்க” என்றாள். மாத்திரை உண்டு, ஆனால் இதெல்லாம் செய்து பார்த்த பிறகுதான் அதைப் பற்றி யோசிப்போம், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றாள். வெளியே வந்ததும் அப்பாவிடம் சொன்னேன், தண்ணீர் குடி, போய் உட்கார், இதுக்கு ஒரு டாக்டரா, காதில் பூ சுற்றுகிறாள் என்று.

ஆனாலும் நோட்டு எழுதுவது என் தொழிலாயிற்றே, அதில் குறை வைக்கவில்லை. கோடு போட்டு, மணி, உள்ளே, வெளியே என்று மூன்று கட்டம். அளக்கிறதுக்கு மில்லி போட்ட பிளாஸ்டிக் குவளை. அப்பா கண்ணாடி வந்த பெட்டிப் பலகையை அறுத்துத் தேய்த்து ஒரு கால்பலகை அடித்தார். பாட்டிலை முழுசாக நிரப்பிக் கொடுத்தேன். டீச்சர் தினமும் பத்து, பன்னிரண்டு, இரண்டு மணிக்கு அனுப்பினேன் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ஒரு வாரம் ஆனதும் நோட்டை விரித்து வைத்துப் பார்த்தேன், எனக்கு மூக்கில் வியர்த்தது. பாட்டில் தினமும் காலி. வீட்டுக்கு வந்ததும் குவளையில் அளந்தால் ஐம்பது மில்லிகூட இல்லை, அதுவும் டிகாஷன் நிறத்தில். முக்கால் லிட்டர் குடித்த பிள்ளைக்கு அப்படியா வரும்? பாவாடையோ காய்ந்திருக்கிறது, டீச்சரோ நனைந்தாள் என்று எழுதுகிறாள். உள்ளே போனது வெளியே வரவில்லை என்றால் நடுவில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்றும் கவனித்தேன். கொடியில் ஆறு ஜட்டி காய வேண்டும், சில நாள் ஐந்துதான் இருக்கிறது, மறுநாள் பார்த்தால் அப்பாவின் துண்டுக்கு அடியில் ஆறாவது தொங்குகிறது. நான் போடாததை யார் போட்டது? அதுவும் போக, உன்னோடு போனில் பேசும்போது அவள் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுப்பாள். நான் உள்ளே போனால், சரிக்கா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாள். ஏழு வயசுப் பிள்ளைக்கு அம்மாவுக்குத் தெரியாமல் என்ன ரகசியம்? உன்மேலும் ஒரு கண் வைத்தேன், மறைக்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் சூப்பர்வைசரிடம் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆபீஸில் சொல்லவில்லை. சொன்னால் டாய்லெட்டை உடனே கழுவி வைத்துவிடுவார்கள் என்ற எண்ணம். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் நின்றேன், நாற்பத்து மூன்று வயதுப் பொம்பளை, திருடி மாதிரி. இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகளெல்லாம் ஓடி ஆட, பொடிசு மட்டும் பாட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பாட்டிலைச் சாய்த்துக் கொஞ்சமாக ஊற்றினாள், நிமிர்த்தி அளவைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஒரேயடியாகக் கொட்டினால் தெரிந்துவிடும் என்று இடைவேளைக்குக் கால்வாசி. அப்புறம் டீச்சர் கையைப் பிடித்து டாய்லெட் வாசலில் விட்டாள். உள்ளே போனவள் நான் நாலு எண்ணுவதற்குள் வெளியே வந்துவிட்டாள். அப்புறம் ஒன்று செய்தாள். வெயில் சுடுகிற பக்கத்துச் சுவரில் போய் முதுகையும் பின்பக்கத்தையும் ஒட்டிக்கொண்டு நின்றாள். மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு, மணி அடிக்கிறவரைக்கும் அசையாமல், பாவாடையைக் காய வைத்துக்கொண்டு நின்றாள்.

மணி அடித்து அவள் உள்ளே போன பிறகு டாய்லெட்டைப் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் விழுகிறது, தரை காய்ந்திருக்கிறது, குட்டிப் பிள்ளைகளுக்குக் கால் வைக்க டீச்சர் ஒரு மணைகூடப் போட்டிருந்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். ஏன் உட்காராமல் வந்துவிடுகிறாள் என்று நான் அதட்டலாகக் கேட்டேன். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். “நானும் கேட்டேங்க. உட்கார்ந்தா பாவாடையில ஒரு சொட்டுப் பட்டுடுமாம். அம்மா வாசல்ல கண்டுபிடிச்சிடுவாங்களாம்.” எனக்கு அவளை நாலு கேள்வி கேட்கத்தான் நாக்கு துடித்தது. கேட்காமல் படியிறங்கினேன். பெர்மிஷன் நேரம் இன்னும் மீதி இருந்தது, நான் ஃபேக்டரிக்குப் போகாமல் வீட்டுக்கு நடந்தேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகு அன்றைக்காவது சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தேனா? அவள் வந்ததும் பாவாடையைத் தொடவில்லை, சரி. ஆனால் அவள் முகம் கழுவப் போனபோது பையை எடுத்தேன். புத்தகத்தை எடுத்துவிட்டு அடியைத் தட்டினால் சத்தம் மாறியது. ஷூவுக்குள், டிபன் டப்பாவின் அடித்தட்டில், கொண்டைக்குள் என்று பெண்கள் எங்கெங்கே ஒளிப்பார்கள் என்று எனக்குத் தெரியாத இடம் கிடையாது. பள்ளிக்கூடப் பையின் அடி அட்டையை மட்டும் என் வாழ்நாளில் தூக்கிப் பார்த்ததில்லை. தூக்கினேன். ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் தட்டையாக மடித்த ஒரு காய்ந்த ஜட்டி, துவைத்துப் பிழிந்த ஒரு ஈர ஜட்டி, தேய்ந்துபோன ஒரு சோப்புத் துண்டு. பொடிசு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திட்டவில்லை, சத்தியமாகத் திட்டவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

“அக்காதான் சொல்லிக்கொடுத்தா. அக்காவும் மூணு வருஷம் இப்படித்தான் வெச்சிருந்தாளாம். நீ ஒரு நாள்கூட கண்டுபிடிக்கலையாம்.”

நானூறு பேரைத் தினமும் தடவிப் பார்க்கிறவள் கண்ணில் ஏழு வயசில் நீ மண்ணைத் தூவியிருக்கிறாய். எட்டு வயதில் உன் துணியை நீயே துவைத்ததைத் தெருவெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேனே, அது இதற்காகத்தானா? எங்காவது கிளம்பினால் வேண்டாம்மா தாகமில்லை என்பாய், எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நினைத்தேனே. ஒன்பது வயதில் உனக்கு மூன்று நாள் காய்ச்சல், இடுப்பு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாய். மூத்திரத்தில் கிருமி, தண்ணீர் நிறையக் குடிக்க வை என்று அன்றைக்கு டாக்டர் சொன்னார். நான் பள்ளிக்கூடத்துக் குழாய்த் தண்ணீர்மேல் பழியைப் போட்டுச் சண்டைக்குப் போனேன். இதெல்லாம் நினைவுக்கு வந்ததும் பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் உன்மேல் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சின்னவள் உன்னிடம் சொன்னபோதாவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, ஒளிக்கவா சொல்லிக்கொடுப்பாய் என்று. அப்புறம் யோசித்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அட்டையையும் சேர்த்துத் தினமும் தூக்கிப் பார்த்திருப்பேன். உனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை நீ உன் தங்கைக்குக் கொடுத்திருக்கிறாய். உன்மேல் தப்பு இல்லை. என்னை மன்னித்துக்கொள் அம்மாடி. இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன்.

மாத முடிவில் டாக்டரம்மாவிடம் போனதும் முதல் வேலையாக, போன தரம் தப்பா சொல்லிட்டேன், பெரியவளுக்கும் இருந்தது என்றேன். அவள் ‘இல்லை’யை அடித்துவிட்டு ‘அக்காவுக்கு’ என்று எழுதினாள். வாசல் செக்கிங்கையும் ஒளிக்காமல் சொன்னேன், என்னால்தான் வந்ததா என்று கேட்டேன். இது குடும்பத்தில் வருகிறதுதான், செக்கிங்கால் வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடக்கவும் ஒளிக்கவும் அதுதான் பழக்கியிருக்கிறது என்றாள். மருந்து மாதிரி கசப்பாக இருந்தது, ஆனால் நம்பினேன், நானே ஒருத்தரை நம்பிவிட்டேன் என்று அப்பா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். இப்போது நோட்டைப் பொடிசே கலர் பென்சிலால் நிரப்புகிறாள், நான் வாங்கிப் பார்ப்பதில்லை, அவள் காட்டினால் பார்க்கிறேன். பவுடர் முதல் வாரம் கொஞ்சம் அதிகமாகி வீடு பட்ட பாட்டை எழுத முடியாது, அளவைக் குறைத்த பிறகு தினமும் சுலபமாகப் போகிறாள். கால்பலகைமேல் காலை ஊன்றி உட்கார்ந்து இருபதுவரை சத்தமாக எண்ணுவது அடுக்களைவரை கேட்கும். பன்னிரண்டுக்குப் பிறகு பதினான்கு என்கிறாள், அதைத் திருத்தினால் எழுந்துவிடுவாளோ என்று விட்டுவிட்டேன். தண்ணீர் பாட்டில் அரைகுறையாகத் திரும்பி வருகிறது, அதுதான் உண்மையான பாட்டில். காய்ந்த ஜட்டி கவரோடு பையின் முன் ஜிப்பில் இருக்கிறது, நானே மடித்து வைக்கிறேன். தினமும் நனைந்தவள் இந்த இரண்டு வாரத்தில் நாலு நாள். இன்னும் சில மாதம் பிடிக்குமாம், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றாள் டாக்டரம்மா. கடைசி பெஞ்சிலிருந்து நடு பெஞ்சுக்கு வந்திருக்கிறாள். பக்கத்தில் உட்காருவது அந்த முகம் சரியில்லாத பிள்ளைதான், நல்ல பிள்ளையாம்.

முந்தாநாள் நனைந்துபோய் வந்தாள். நான் வாசலில் நிற்பதில்லை, உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். நேரே என் முன்னால் வந்து, பழக்கத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். என் கையும் தானாக எழுந்தது கண்ணு, பதினேழு வருஷத்துக் கை, அதற்கு வேறு என்ன தெரியும்? அந்தக் கையால் துண்டை எடுத்துக் கொடுத்தேன். செக்கிங் இல்லையாம்மா என்றாள். கேட்டுக்கு லீவு என்றேன். கொஞ்ச நேரம் என்னையே சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனாள், அந்தப் பார்வை அப்படியே நான்தான்.

இனி உன் விஷயம். நாள் முழுக்க ஹெட்போன் மாட்டி உட்கார்ந்து பதில் சொல்கிற வேலை, எழுந்து போனால் ஸ்க்ரீனில் நிமிஷம் ஓடும், அதனால் ஷிஃப்டில் தண்ணீரே குடிக்கமாட்டேன்மா என்று போன வருஷம் சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சின்சியரான பிள்ளை என்று சிரித்தேன். இப்போது அது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. இருபத்து மூன்று வயதில் நீ இன்னும் யாருக்குப் பயந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்? தண்ணீர் குடி. இரண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்து போ. எந்த சூப்பர்வைசர் மணி பார்த்தாலும் பார்க்கட்டும், நிதானமாக உட்கார்ந்துவிட்டு வா. இடுப்பு வலியோ எரிச்சலோ இருந்தால் டாக்டரிடம் போ, என்னிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் சொல்ல வேண்டாம், டாக்டரிடம் சொல். மூன்று வேளை சாப்பிடுகிறேன் என்று இனிமேல் எழுதாதே, இரண்டு வேளைதான் என்றால் இரண்டு என்றே எழுது, நான் திட்டமாட்டேன், திட்டினால் அப்பாவிடம் சொல். நோய்நொடி அண்டாமல், மனதில் இருப்பதை ஒளிக்க வேண்டிய அவசியம் எந்த வாசலிலும் உனக்கு வராமல், நீ நன்றாக இருக்க வேண்டும். லீவுக்கு வரும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே உள்ளே நடந்து வா.

மறக்காமல் ஒன்று பார். பொடிசு உனக்கு ஏதோ எழுதி நாலாக மடித்துப் பசை போட்டு ஒட்டி இதோடு வைத்திருக்கிறாள். அம்மா படிக்கக் கூடாது என்று மேலே எழுதியிருக்கிறாள். ஒரு தரம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை, கெட்டிக் காகிதம், ஒன்றும் தெரியவில்லை, உடனே கீழே வைத்துவிட்டேன். பிரிக்கவில்லை. ஒட்டின ஓரத்தை விரலால் தடவிப் பார், பிரித்து ஒட்டின அடையாளம் இருந்தால் என்னைக் கேள்.

சோதனைக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்
உன் அம்மா